எஸ்எஸ்டி மாற்றக் கொடுக்கிறீர்களா? பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்க் கணினி சாமான் வாங்குபவர்களுக்கு இந்தப் பதிவு. கடைப் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை.

தேவனாம்பட்டினம் கோட்டை, கெடிலம் கரை என்று நான் எடுத்த படங்களைப் போட்டுவைக்க எனக்கென்று ஓர் இணையதளம் உண்டு. அது ஓடும் நிரல்மொழியான பிஎச்பி 7.4-க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. தளத்தை 8-க்கு மாற்றும் முன் வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால், பழைய ஹார்ட் டிஸ்க் நகரவே மாட்டேன் என்றது. அதற்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டியை நானே மாட்டிக்கொள்வேன். ஆனால் வாங்கப் போன புதுச்சேரிக் கடையில், "எங்ககிட்ட வாங்கினா க்ளோன் போட்டு மாட்டித் தர்றது ஃப்ரீ சார்" என்றார்கள். பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே புதியதில் நகலெடுப்பதுதான் க்ளோன். சரி என்று கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால், 'பவர் ஆன் ஹவர்ஸ்' (டிஸ்க் இதுவரை ஓடிய மணி நேரம்) என்ற இடத்தில் 14 ஆயிரத்துச் சொச்சம். வருடத்துக்கு 8,760 மணி நேரம்தான். அதாவது அந்தப் 'புது' டிஸ்க் ஒன்றரை வருடத்துக்கும் மேல் எங்கேயோ இரவு பகலாக ஓடியிருக்கிறது! கழற்றிப் பார்த்தேன். கேபிள் செருகும் இடத்தில் தங்க நிறப் பட்டைகள் முழுக்கக் கீறல். ஒருமுறை செருகி எடுத்தால் அத்தனை கீறல் விழாது. ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தது.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "டெஸ்டிங்ல ஓடினது சார்" என்றார். ஒன்றரை வருட டெஸ்டிங்! பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. வெறும் துண்டுச் சீட்டு.

இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது பழைய ஹார்ட் டிஸ்க்தான். நான் கேட்டும், "அதை அப்புறம் தர்றோம்" என்று வைத்துக்கொண்டார்கள். தளத்தின் முழு பேக்கப்பும் அதில்தான். வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால், அதன் அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பைத் திறந்தாலே டேட்டாபேஸ் கடவுச்சொல் அப்படியே தெரியும். தளத்துக்குக் கோப்புகளை ஏற்றும் ஃபைல்ஜில்லா மென்பொருளில் சேமித்த கடவுச்சொற்களும், மாஸ்டர் பாஸ்வேர்டு போடாவிட்டால், பூட்டில்லாத பெட்டிதான். ஹோஸ்டிங், எஃப்டிபி, மெயில் எல்லாவற்றுக்கும் அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினேன்.

மறுபடி போய் டிஸ்க்கைக் கேட்டால், "ஸ்கிராப்ல போயிடுச்சு சார்" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அவர் கண் முன்னாலேயே போனில் அழுத்த ஆரம்பித்ததும் மேசை டிராயரிலிருந்து டிஸ்க் வந்தது. எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் இழுத்தடித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தார்.

நீங்கள் வாங்கும்போது மணிக்கணக்கைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அதைப் பூஜ்யமாக்கி விற்பவர்களும் உண்டு என்பதால் செருகும் பட்டையையும் பாருங்கள். சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். பழைய டிஸ்க், ரேம், எதுவானாலும் உங்கள் பைக்குள் வந்த பிறகு கடையை விட்டு இறங்குங்கள்.