பிறந்த குழந்தைக்குச் சட்டை: பழைய வேட்டியா, மல் துணியா, பனியன் துணியா?

தங்கை மகனுக்கு அப்போது பதினாலு நாள். குளிக்க வைக்கச் சட்டையைக் கழற்றினால், இடது அக்குளில் நூல் பிடித்துக் கோடு போட்டதுபோலச் சிவந்திருந்தது. நான் தைத்த சட்டை அது. புதுத்துணி, இரண்டு முறை அலசியது, தையலும் நேர். வெளியே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே திருப்பினேன். கை சேரும் இடத்தில் ஓவர்லாக் (பிசிறு வராமல் வெட்டோரத்தைச் சுற்றிப் பின்னும் தையல்) அடித்த ஓரம் முறுக்கிய சணல் மாதிரி விறைத்து நின்றது. ஒரு பகல் முழுக்க அதுதான் பிள்ளையின் அக்குளில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது.

நாம் பார்ப்பது சட்டையின் வெளிப்பக்கத்தை. குழந்தை உடுத்துவது உள்பக்கத்தை. அன்றைக்குப் பிறகு துணியையோ தையலையோ பட்டனையோ எதை எடைபோட்டாலும் முதலில் உள்ளே திருப்பி, என் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறேன். விரலை நம்புவதில்லை. மெஷினில் உட்காரும் கை காய்த்த கை, அதற்கு எல்லாமே மெத்தென்றுதான் தெரியும்.

ஒரே அளவில் மூன்று துணியில் தைத்தேன். அப்பாவின் (பிள்ளைக்கு அப்புச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா) பழைய நாலு முழ வேட்டி ஒன்று, ஈரோட்டில் எடுத்த புது மல் துணி ஒன்று, திருப்பூர் காதர்பேட்டையில் கிலோ கணக்கில் வாங்கிய இன்டர்லாக் (இருபக்கமும் ஒன்றுபோலப் பின்னிய) பனியன் துணி ஒன்று. பிள்ளை பிறந்தது பங்குனிக் கடைசியில். சித்திரை வெயிலில் தொடங்கி ஆடிக் காற்று வரை தங்கை மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

அப்புச்சி வேட்டி

"பழைய துணி தேடு கண்ணு, புதுசு அப்பறம் பாத்துக்கலாம்" என்றுதான் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) எப்போதும் சொல்லும். தீட்டுக் கழியும் வரை எங்கள் வீட்டில் பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. தைத்துப் பார்த்த பிறகு அந்த வழக்கத்தின் அருமை எனக்குப் புரிந்தது. நூறு முறை வெளுத்த வேட்டியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்காது, கடையில் மினுக்கப் பூசிய எதுவும் இருக்காது. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்திருக்கும். நல்ல வேட்டிக்கு நூலும் மெல்லியது, 80, 100 என்ற எண்ணில் நெய்திருப்பார்கள். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளமுள்ள நூல் கட்டுகள் (சிட்டங்கள்) எத்தனை தேறுகின்றன என்பதுதான் அந்த எண். எண் ஏற ஏற நூல் மெலியும்.

ஆனால் பழைய வேட்டி என்ற ஒரே காரணத்துக்காக வெட்டிவிடக் கூடாது. இப்போது கலப்பு நூல் வேட்டிகள் நிறைய வருகின்றன, பார்த்தால் பருத்தி போலவே இருக்கும். ஓரத்தில் இரண்டு நூல் உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கட்டியாக இறுகும், விரலில் நசுக்கினால் நசுங்காது. சரிகைக் கரை இருந்தால் முழுசாக வெட்டி எறியுங்கள்.

அடுத்தது நைப்பு. வேட்டியை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் உட்காருகிற இடமும் இடுப்பில் செருகுகிற இடமும் சல்லடையாகத் தெரியும். அதை ஒதுக்கியபின் எனக்கு ஐந்து சட்டை தேறியது. ஊசி 11-ஆம் நம்பர். தையலை ரொம்பப் பொடியாக வைத்தால் ஓட்டை போட்ட தபால்தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் போதும். அப்படியும் ஐந்தில் இரண்டு, ஆனி பிறக்கும் முன்பே கையோரம் விட்டுவிட்டன. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். உழைப்பில் கடைசி இடம்.

மல் துணி

கடையிலிருந்து வந்த மல் துணி மொடமொடவென்று இருக்கும், அதைத் தொட்டுப் பார்த்து வேண்டாமென்று முடிவு செய்துவிடாதீர்கள். ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் வரும் கலங்கல் நீரைக் கொட்டி, இரண்டு முறை அலசி, முறுக்காமல் உலர்த்துங்கள். எனக்கு மீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் சுருங்கியது. தைத்த பிறகு இப்படிச் சுருங்கியிருந்தால் சட்டை பிள்ளைக்குச் சேராமல் போயிருக்கும். கலர் எடுப்பதானால் வெளிர் நிறமாக எடுங்கள். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் அதைப் பெரியவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சித்திரையில் மல் சட்டைக்கு ஈடு இல்லை. வேர்வையை வாங்கி உடனே காய்ந்துவிடுகிறது. துவைத்துப் போட்டால் அரை மணியில் எடுக்கலாம். வேட்டியைப் போலக் கிழியவில்லை, எப்படிப்பட்ட தையலுக்கும் ஒத்துழைக்கிறது. இதன் ஒரே குறை இழுத்தால் வராது என்பது. அதற்குத் தகுந்தபடி தாராளமாக வெட்ட வேண்டும், முன்பக்கம் முழுசாகத் திறக்க வேண்டும்.

இதற்கு ஓர் அளவுக் காரணம் உண்டு. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். மார்புச் சுற்றளவு அதைவிட இரண்டு சென்டிமீட்டர் போலக் குறைவு. பெரியவர்களுக்கு இது நேர்மாறு. அதனால்தான் பெரியவர் சட்டையைச் சின்னதாக்கி வெட்டினால் பிள்ளைக்குப் பொருந்துவதில்லை. உடம்பை விடப் பெரிய தலை, நிற்காத கழுத்து. இழுபடாத துணியில் தலைவழியாகப் போடும் சட்டை தைப்பது பிள்ளையையும் போட்டுவிடுகிறவளையும் ஒருசேரப் படுத்தும்.

பனியன் துணி

இழுபடுவதுதான் இதன் பலம். தோளில் இரண்டு மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் உறைக் கழுத்து வைத்துத் தைத்தால் தலை சுலபமாக நுழையும். இன்னொரு வசதியும் உண்டு. பிள்ளை முதுகு வரை மலம் கழித்துவிட்ட நாளில் சட்டையைத் தலைவழியாக உருவ வேண்டாம். தோளை அகட்டிக் கீழே இறக்கிக் கால்வழியாகக் கழற்றலாம். அந்த மடிப்பு எதற்கென்று தெரியாமல் அழகுக்கென்று நினைத்திருந்தேன், தங்கைதான் காட்டினாள்.

தைப்பதில்தான் சிரமம். சாதா ஊசி பனியன் துணியின் கண்ணிகளை அறுத்து ஓட்டை விடும், நாலு துவைப்பில் அந்த ஓட்டை ஏணிபோல் இறங்கும். முனை மழுங்கிய பால் பாயிண்ட் ஊசி வேண்டும், இது கண்ணிகளை விலக்கிக்கொண்டு போகும். நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறும். சின்ன ஜிக்ஜாக் போட வேண்டும். வீட்டில் நேர்த்தையல் மட்டும் போடும் கால் மெஷின் இருந்தால், துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். துணி இழுபடும் பக்கம் பிள்ளையின் மார்பைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள், நீளவாக்கில் வந்தால் சட்டை தொங்கிப்போகும். சிங்கிள் ஜெர்சி என்ற ஒற்றைப் பின்னல் துணி வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும். புதிதாகத் தைக்கிறவர்கள் சுருளாத இன்டர்லாக்கில் கைபழகுவது நல்லது.

நான் எடுத்த இன்டர்லாக் 200 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 200 கிராம் எடை. சித்திரையில் அது தப்பு. மூன்றாம் நாளே கழுத்து மடிப்பில் வேர்க்குரு. எடுத்து வைத்துவிட்டோம். ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியபோது அதே சட்டைகளைத்தான் தங்கை தேடி எடுத்தாள். அதற்குள் பிள்ளைக்குக் கழுத்தும் நின்றுவிட்டது. கெட்ட துணியில்லை, காலம் தவறிப் போட்டது என் பிழை.

சாட்டின், நெட் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேர் வைக்கிற அன்று ஒரு மணி நேரம் போடலாம். அதற்கும் உள்ளே மல் துணியில் லைனிங் கொடுத்து, இடுப்பில் நெட்டின் வெட்டு ஓரம் தோலில் படாமல் லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவே மடக்கிவிடுங்கள்.

தையல் ஓரம்: எது உள்ளே, எது வெளியே

அக்குளைச் சிவக்க வைத்தது துணியில்லை, ஓவர்லாக். சுத்தமான வேலைதான், ஆனால் ஓரத்தில் மூன்று நாலு நூல் சேர்ந்து கட்டியாகிறது. வழக்கமாகப் போடும் நூல் பாலியெஸ்டர் என்றால் இன்னும் விறைப்பு. திருப்பூர்க் கம்பெனிகளில் ஜட்டி பனியனுக்கு ஓரம் தட்டையாகப் படியும் பிளாட்லாக் தையல் அடிப்பது இந்த மேடு வரக்கூடாது என்றுதான். வீட்டில் பிளாட்லாக் மெஷின் யாரிடம் இருக்கிறது?

பிரெஞ்சுத் தையல் போடலாம்: முதலில் நல்லபக்கம் வெளியே இருக்க ஒரு தையல், பிசிறை வெட்டி, திருப்பி, அந்த ஓரத்தை உள்ளே அடக்கி இன்னொரு தையல். மல் துணியில் அழகாக வருகிறது. நைந்த வேட்டி இரண்டு தையலைத் தாங்குவதில்லை. பனியன் துணியில் தடித்துவிடுகிறது. நான் கடைசியில் வந்து சேர்ந்தது ஜப்பான்காரர்கள் செய்வதைப் போல: பிறந்த குழந்தையின் உள்சட்டைக்கு அங்கே தையல் ஓரத்தை வெளிப்பக்கம் விடுகிறார்கள், லேபிளும் வெளியேதான். தோலில் படுவது வழுவழுப்பான பக்கம் மட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் துணியில் ஃபார்மால்டிஹைடு இருக்கக் கூடாதென்று தனிச் சட்டமே வைத்திருக்கும் ஊர் அது. சுருக்கம் விழாமல் இருக்கத் துணிக்குக் கொடுக்கும் பதத்தில் வரும் ரசாயனம் அது. "அயர்ன் தேவையில்லை" என்று எழுதிய துணியைப் பிள்ளைக்கு எடுக்காதீர்கள் என்று நான் சொல்வதும் அதற்காகத்தான்.

ஓரம் வெளியே தெரிந்தால் பார்க்கிறவர்கள் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்பார்கள். அந்த ஓரத்தின்மேல் கிராஸ் பீஸ் (குறுக்குவாட்டில் சாய்த்து வெட்டிய பட்டைத் துணி) வைத்து கலர் பைப்பிங் அடித்துவிட்டேன், யாரும் கேட்பதில்லை.

நாடாவா, பட்டனா?

முதல் மூன்று மாதம் நாடா. ஒரு பக்கத்தை இன்னொன்றின்மேல் மடித்து, உள்ளே ஒரு முடிச்சு, பக்கவாட்டில் ஒரு முடிச்சு. பிள்ளை வளர வளர முடிச்சைத் தளர்த்தலாம், ஒரே சட்டை இரண்டு மாதம் வரும். முதலில் நான் நாலு ஜோடி நாடா வைத்திருந்தேன். தங்கை போனில் சொன்னாள்: "அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு அரைத் தூக்கத்துல நாலு முடிச்சு அவுத்து நாலு முடிச்சு போடறது எப்படிக்கா? ரெண்டு போதும்." இரண்டாக்கினேன். நீளம் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். கழுத்தருகே நாடா வைக்கவே கூடாது. பிள்ளைகளின் மேலாடையில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறு வேண்டாமென்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே சொல்லிவிட்டது. சறுக்குமரத்தில் கயிறு சிக்கிக் கழுத்து இறுகிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாலாம் மாதம் பிள்ளை புரளத் தொடங்கி, கைக்கு வந்ததையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும்போது நாடாவின் காலம் முடிகிறது. அப்போது எதற்கு மாறுவது? காஜா எடுத்துப் பட்டன் வைப்பதை நான் விட்டுவிட்டேன். பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளை ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. நாம் வைக்கும் பட்டன் அதில் பாதிகூட இருக்காது. கையால் தைத்த டிச் பட்டனும் (அழுத்திப் பூட்டும் உலோகப் பட்டன்) நூல் விட்டால் அதே கதை. அடித்து இறுக்கும் பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் நல்லது. வைக்கும் இடத்தில் உள்ளே இன்னொரு துண்டுத் துணி கொடுங்கள், இல்லாவிட்டால் மல் துணி பட்டனோடு பிய்ந்து வரும். வேட்டித் துணியில் எப்படி வைத்தாலும் நிற்கவில்லை. வெல்க்ரோவைப் பிப்புக்கு (எச்சில் படாமல் கழுத்தில் கட்டும் துணி) மட்டும் வைக்கிறேன், அதுவும் முள்பக்கம் வெளியே பார்க்கும்படி. சட்டையில் வைத்தால் துவைக்கும்போது மற்ற துணிகளையெல்லாம் கீறிவிடுகிறது.

கையுறையும் தலையணையும்

கையுறை தைக்கிறவர்கள் தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே தொங்கும் ஒரு நூல், உதிர்ந்த ஒரு தலைமுடி, குழந்தையின் விரலைச் சுற்றி இறுகி ரத்தம் ஓடவிடாமல் செய்துவிடும். பிள்ளை காரணம் தெரியாமல் வீறிடும், கையுறைக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. சாக்ஸிலும் இதே ஆபத்து உண்டு. ஓரம் வெளியே வருவதுபோல் தைத்து, ஒவ்வொரு முறை போடும் முன்பும் உள்ளே திருப்பிப் பாருங்கள். நகத்தை ஒழுங்காக வெட்டிவிட்டுக் கையைச் சும்மா விடுவது அதைவிட நல்லது.

கடுகுத் தலையணை தைத்துக் கொடுங்கள் என்று உறவில் இரண்டு பேர் கேட்டார்கள். தைக்கவில்லை. ஒரு வயதுக்குள் தூங்கும் இடத்தில் தலையணையே கூடாதென்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த வேலைக்கு வைத்திருந்த துணியில் மூன்று பிப் வெட்டிக் கொடுத்தேன்.

பையனுக்கு இப்போது ஆறு மாதம். நீளம் 67, தலை 43. மல் சட்டைகள் ஏழும் அப்படியே இருக்கின்றன, மடித்து அடுத்த பிள்ளைக்கென்று வைத்தாயிற்று. வேட்டிச் சட்டையில் மிஞ்சிய மூன்றும் வாய் துடைக்கும் துணியாகிவிட்டன. அதையும் தங்கை தரவில்லை, அப்புச்சி வேட்டியாம். ஐப்பசி அடைமழையில் இன்டர்லாக் காய இரண்டு நாள் ஆகிறது என்கிறாள். அதனால் மெல்லிய சிங்கிள் ஜெர்சியில் ஆறு சட்டை வெட்டி வைத்திருக்கிறேன், கழுத்துக்கு ரிப். சுருண்ட ஓரங்களைக் குண்டூசி குத்திப் பிடித்தாயிற்று. பால் பாயிண்ட் ஊசி ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது, நாளைக் காலை போய் ஒரு பாக்கெட் வாங்க வேண்டும்.