ஆயிரம் கிலோ காரும் நான்கு செட் டயரும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு வாசலில் நிற்பது 2002ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.8 லிட்டர் இன்ஜின், துணிக்கூரை, இரண்டே சீட்டு. மூன்றாவது ஆள் வந்தால் அவருக்கு பஸ்தான். 2016இல் பழைய வண்டியாக வாங்கினேன். அன்று முதல் அதில் நான்கு விதமான டயர் ஓடிப் பார்த்துவிட்டேன். அதில் மூன்று, வண்டியின் எடையை மறந்துவிட்டுச் செய்த தேர்வுகள்.

எடை என்றால் ஆயிரத்துச் சொச்சம் கிலோ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை இதுதான் வரும்.

வாங்கும்போதே முந்தைய உரிமையாளர் 17 அங்குல மேக்ஸ் போட்டிருந்தார். (அலாய் வீலுக்கு இங்கே மேக்ஸ் என்றுதான் பெயர். டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோ என்பது போல.) 205/40 டயர், அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 40 சதவீதம். பார்க்க ஜோராக இருக்கும். கம்பெனி கொடுத்த அளவு 195/50, 15 அங்குலம். இரண்டையும் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கம்பெனி டயரின் பக்கச்சுவர் 97 மில்லிமீட்டர் உயரம், இது 82. மொத்த விட்டம் மட்டும் 576க்குப் பதில் 596. அதாவது மூன்றரை சதவீதம் பெரிய சக்கரம். கியர் எல்லாம் அந்த அளவுக்கு நீளமாகிவிடும், அதாவது இழுவை குறையும், ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். ரிம்மின் கூடுதல் எடை வேறு. கனமான காரில் ஒரு சக்கரத்துக்கு மூன்று கிலோ கூடினால் தெரியாது. இதில் தெரியும். சின்ன மேட்டில் ஏறினால்கூட சக்கரம் துள்ளிவிட்டுத் தாமதமாகத்தான் தரைக்கு வந்தது. ஆறு மாதத்தில் கழற்றி மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் தன் போலோவுக்குப் போட்டுக்கொண்டான்.

அப்புறம் பழைய 15 அங்குல ரிம் தேடிப் பிடித்து, கையில் இருந்த காசுக்கு ஒரு சாதாரண குடும்பக் கார் டயர் போட்டேன். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், விட்டால் இன்னும் ஓடியிருக்கும். திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஆனால் ஒன்று, வழுக்குவதற்கு முன்னால் நன்றாகச் சத்தம் போட்டு எச்சரிக்கும். இந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த டயரில்தான்.

காற்றழுத்தம் பற்றிய ஞானமும் அதில்தான் வந்தது. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்வது 26 பிஎஸ்ஐ, அதாவது 1.8 பார். பெட்ரோல் பங்கிலோ டயர் கடையிலோ போய் நின்றால் கேட்காமலே 2.2, 2.4 என்று ஏற்றிவிடுவார்கள். "1.8ஆ? அது பஞ்சர் ஆன டயர், அங்கிள்" என்று ஒரு பையன் சிரித்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நாள் முழுக்க இரண்டு டன் பக்கிக்கும் மினிபஸ் டாக்ஸிக்கும் காற்று பிடிக்கிறவன் அவன். பக்கி என்றால் பின்னால் திறந்த சின்ன லாரி.

என் டயரின் பக்கச்சுவரில் 82வி என்று இருக்கும். 82 என்பது சுமைக் குறியீடு: ஒரு டயர் 475 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. என் காரில் ஒரு சக்கரத்தின் மேல் விழுவது 260 கிலோ, நானும் மனைவியும் ஏறி டேங்க் நிரப்பினால் 300. டயரின் தாங்கும் திறனில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறோம், அவ்வளவுதான். தோராயமாகக் கணக்குப் போட்டால், சுமையை அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு வரும். 260 கிலோவுக்கு 1.8 பாரில் 140 சதுர சென்டிமீட்டருக்குப் பக்கம். 2.4 பாரில் 106. கால்வாசிப் பிடிமானப் பரப்பை அந்தப் பையன் ஒரு நிமிடத்தில், இலவசமாக, எடுத்துவிட்டான். நடுப்பகுதி மட்டும் தேய்ந்த என் டயரே சாட்சி. இன்று வரை வீட்டில் ஒரு நல்ல கேஜ் வைத்துக்கொண்டு, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நானே பார்க்கிறேன். பத்து டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய 0.1 பார் ஏறும். 1.8இல் ஓடும் காருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, கயாலாமி பந்தயத் தடத்தைப் பார்க்கலாம் என்று ஜோஹனஸ்பர்க் போனபோது நடந்தது. டர்பன் கடல் மட்டம், ஜோஹனஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல். கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம். மேலே வெளிக்காற்று மெலிந்துவிடுவதால், வால்வைத் தொடாமலே கேஜில் கிட்டத்தட்ட 0.18 பார் கூடிவிடும். மறுநாள் குளிர்ந்த காலையிலும் 1.9 காட்டியது. நான் புத்திசாலியாக மத்தியான வெயிலில் 1.8க்கு இறக்கிவிட்டு ஊர் திரும்பினேன். அடுத்த நாள் காலை டர்பனில் பார்த்தால் 1.6. என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனென் கணவாய் இறக்கம் முழுக்க வண்டி ஏன் மிதப்பது போல இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இறங்கிய பிறகு காற்று பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

சரி, ஆசைப்பட்ட டயருக்கு வருவோம். 2019இல் செமி-ஸ்லிக் ரகம் ஒன்று போட்டேன், அதாவது பள்ளம் குறைவான, பந்தயத் தடத்துக்கு ஏற்ற மென்ரப்பர் டயர். பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் குற்றம் டயருடையது அல்ல, என்னுடையது. பக்கவாட்டில் ட்ரெட்வேர் 200 என்று எழுதியிருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எண்ணைத் தயாரிப்பாளரேதான் குறிக்கிறார். ஒரு கம்பெனியின் 200ம் இன்னொன்றின் 200ம் ஒன்றல்ல.

போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் டெஸி பந்தயத் தடத்தில், பிப்ரவரி வெயிலில், மூன்று சுற்று முடிந்ததும் அந்த டயர் தார் சாலையோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் அப்படி ஒரு பிடிப்பை நான் உணர்ந்ததே இல்லை. காலையில் 1.8இல் கிளம்பியது சூட்டில் 2.2 தாண்டியிருந்தது. கொஞ்சம் இறக்கியதும் இன்னும் நன்றாக ஓடியது. அன்று மாலை வீட்டுக்கு வரும்போது, வாழ்நாள் முழுக்க இனி இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஜூலை வந்தது, இங்கே குளிர்காலம். ஒரு காலைப் பனிமூட்டத்தில் போத்தாஸ் ஹில் பழைய சாலையில் ஏறினேன். கீழே நகரத்தில் ஸ்வெட்டர் தேவையில்லை, மேலே எட்டு டிகிரி. ஒரு ரவுண்டானாவில், மணிக்கு முப்பதுகூட இருக்காது, பின்பக்கம் சத்தமில்லாமல் நழுவியது. எச்சரிக்கையே இல்லை. அந்த ரப்பர் சூடானால்தான் ஒட்டும். சூடாக வேண்டுமானால் அதைப் பிசைய வேண்டும். பிசைவதற்கு எடை வேண்டும். ஒன்றரை டன் கார் நாலு திருப்பத்தில் கிளப்பிவிடும் சூட்டை என் வண்டி தடத்தில் மூன்று சுற்று சுற்றித்தான் கிளப்புகிறது. ஊர்ச்சாலையில், வேக வரம்புக்குள், கிளப்பவே முடியாது. அதே டயர் நண்பரின் கனமான காரில் அற்புதமாக இருந்ததற்குக் காரணம் அவர் திறமை மட்டும் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மழை இன்னொரு கதை. இங்கே மழைக்காலம் அக்டோபரில் தொடங்கும். வறண்ட குளிர்காலம் முழுக்கச் சாலையில் படிந்த எண்ணெயும் துறைமுக லாரிகள் சிந்திய டீசலும் முதல் மழையில் மேலே வந்து சோப்பாகும். அதைவிட எனக்குப் பாடம் கற்பித்தது எம்4 கடற்கரைச் சாலையில் தேங்கிய தண்ணீர். தண்ணீரின் மேல் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துக் கண்டுபிடித்த ஒரு எளிய சூத்திரம் உண்டு. பிஎஸ்ஐ கணக்கில் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் வேகம் நாட் அளவில் வரும் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). 26 பிஎஸ்ஐக்கு அது மணிக்கு 85 கிலோமீட்டர், 35 பிஎஸ்ஐக்கு 99. தேய்ந்துபோன, அல்லது தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் போதாத டயருக்கான கணக்கு இது. என் செமி-ஸ்லிக் அப்போது அந்த நிலையில்தான் இருந்தது. ஏறக்குறைய தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் திடீரென்று காற்றில் இருப்பது போல லேசாகிவிட்டது. ஒரு விநாடிதான். மனைவி அன்று வீடு வரும் வரை பேசவில்லை.

அதாவது லேசான கார் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறது. உலர்ந்த சாலையில் பிடிப்புக்காகக் குறைந்த காற்று வேண்டும். குறைந்த காற்று மழையில் சீக்கிரம் மிதக்கவிடும். காற்றை ஏற்றி அதைச் சரிசெய்யப் பார்ப்பதைவிட, ஆழமான நீளப்பள்ளங்கள் உள்ள டயரை வாங்குவதே மேல். இங்கே சட்டம் கேட்பது ஒரு மில்லிமீட்டர் பள்ளம்தான். நான் மூன்றுக்கு வந்ததும் மாற்றிவிடுகிறேன்.

அந்த செமி-ஸ்லிக் 14,000 கிலோமீட்டர்தான் வந்தது. கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 27 முதல், ஐந்து வாரம் வண்டி அசையாமல் நின்றதில் கீழ்ப்பக்கம் தட்டையாகிவிட்டது. முதல் நாள் ஓட்டும்போது மாட்டுவண்டி போல டக் டக் என்று வந்தது. அது ஒருவழியாகப் போய்விட்டது. போகாதது ரப்பரின் இறுக்கம். பலமுறை சூடாகிக் குளிர்ந்த மென்ரப்பர், பள்ளம் மிச்சம் இருக்கும்போதே கடினமாகிவிடும். கண்ணுக்கு நல்ல டயர், கைக்குப் பலகை.

இப்போது இருப்பது 2021இல் போட்ட ரகம்: 300க்குப் பக்கமான ட்ரெட்வேர், நடுவில் நான்கு நீளப்பள்ளங்கள், கூடுதல் சுமைக்கான எக்ஸ்எல் வலுவூட்டல் இல்லாதது. எக்ஸ்எல் என்பதைக் கடைக்காரர்கள் உயர்தரம் போலச் சொல்வார்கள். அதிக அழுத்தத்தில் அதிகச் சுமை தூக்குவதற்காகக் கட்டப்பட்ட டயர் அது. பாதிச் சுமையில் ஓடும் எனக்கு அந்த விறைப்பு எதற்கு? குழந்தை அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடப்பது போலத்தான்.

வாங்குவதில் ஒரு தொல்லை உண்டு. 15 அங்குல ஸ்போர்ட்ஸ் டயரை இப்போது கேட்பவர்கள் குறைவு, அதனால் கடையில் வருடக்கணக்கில் தூங்கும். சிட்னி ரோடு டன்லப் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியப்பா சின்ன வயதிலேயே காட்டிக் கொடுத்தது, பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியில் வரும் நான்கு எண்கள். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம். 2021இல் ஒரு கடை எனக்கு அந்தத் தேதியிட்ட டயர்களைப் "புதுசு, அங்கிள், பிளாஸ்டிக் ஒட்டுகூடப் பிரிக்கலை" என்று நீட்டியது. நான்கு வருடப் புதுசு. வேண்டாம் என்று சொல்லி, மூன்று வாரம் காத்திருந்து வேறிடத்தில் வாங்கினேன்.

26,000 கிலோமீட்டருக்குப் பிறகு நான்கு மில்லிமீட்டர் மிச்சம். டெஸியில் பழைய செமி-ஸ்லிக்கைவிட மெதுவாகத்தான் சுற்றுகிறது, ஐந்தாவது சுற்றில் களைத்துப்போய் முன்பக்கம் வழியத் தொடங்கும். அதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வருடத்தில் இரண்டு நாள் தடம், மீதி நாள் வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கும். குளிரோ மழையோ, வழுக்கப் போகிறேன் என்று இந்த டயர் முன்கூட்டியே சொல்கிறது. ஸ்டியரிங் கையில் உயிரோடு இருக்கிறது. இடையில் ஒருமுறை முன் டயரின் உள்விளிம்பு ரம்பம் போலக் கைக்குத் தட்டுப்பட்டது. அலைன்மென்ட் கோணல். நேராக்கியதும் நின்றது. மாதம் ஒருமுறை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் சாலைகள் கிடந்த கிடப்பை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. என் 15 அங்குல ரிம் நான்கும் தப்பித்தன. டயர் ஒன்றில் மட்டும் பக்கச்சுவர் பொம்மிவிட்டது, உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள், அதை உடனே தூக்கிப் போட்டேன். எதிர்ப்பக்க டயரையும் சேர்த்தே மாற்றினேன். ஒரே அச்சில் ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் இந்த வண்டி உடனே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மச்சானின் போலோவில் அந்த 17 அங்குல மேக்ஸில் இரண்டு அதே வாரம் கோணலாகிவிட்டன. மீதி இரண்டை, வாங்கிய விலைக்கே, என்னிடம் திருப்பி விற்கப் பார்க்கிறான்.