சுங்கை சிப்புட் துரை பங்களா: முதலாளிமாரின் நெடுவிடுப்புக்கு ஏற்ற இடமா?

மலேசியாவின் ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள சுங்கை சிப்புட்டில், செம்பனைகளுக்கு நடுவே நிற்கும் பழைய துரை பங்களா (தோட்ட நிர்வாகியின் வீடு) ஒன்றை, தொழில் நடத்துவோர் நெடுவிடுப்பில் வந்து தங்குவதற்கென்றே வாடகைக்கு விடுகிறார்கள். கிள்ளானில் சரக்கு லாரி நிறுவனம் நடத்தும் நான் அங்கே ஒரு மாதத்துக்கு மேல் தங்கினேன்.

கொடுக்கும் பணத்தில் பாதி அவர்களது பதிவுப் படிவத்துக்கே தகும். நீங்கள் இல்லாதபோது காசோலையில் கையெழுத்திடுபவர் யார், 15 ஆம் தேதிக்குள் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பணத்தைக் கட்டுபவர் யார், வாடிக்கையாளருக்கு விலை சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டு, ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முன்பணம் வாங்க மறுக்கிறார்கள். நம்மவர் நடத்தும் சிறு தொழில்களில் பெரும்பாலும் இம்மூன்றுக்கும் முதலாளியின் பெயரே விடையாக இருக்கும். வங்கியில் இரண்டாம் கையெழுத்தைப் பதிந்ததும், விலை நிர்ணயத்தை மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்ததும் அந்தப் படிவத்தால்தான் நடந்தன.

போய்ச் சேர்ந்ததும் கைப்பேசியை வாங்கி, பித்தளைப் பூட்டுப் போட்ட மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறார்கள். கூடத்துத் தொலைபேசியின் எண் நாம் குறிப்பிடும் ஒருவருக்கு மட்டுமே தரப்படும். என் மேலாளர் தொடக்கத்தில் அடிக்கடி அழைத்தார். பிறகு அழைப்பு குறைந்தது. லாரி ஒன்று பழுதாகி நின்றதும், அவர் வெளி லாரியை அமர்த்திச் சரக்கை அனுப்பியதும், எல்லாம் முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தன. நான் பக்கத்தில் இருந்திருந்தால், என்னைக் கேட்காமல் ஒரு வெள்ளிகூடச் செலவழித்திருக்க மாட்டார்.

சில ஆண்டுகள் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரைமார் பல மாத விடுப்பில் சீமைக்குப் போவது அக்காலத் தோட்ட வழக்கம். துணைத் துரையும் தலைமை எழுத்தரான பெரிய கிராணியும் பார்த்துக்கொண்டார்கள், அதற்காக ரப்பர் பால்வெட்டு நின்றதில்லை. நியூயார்க் வடிவமைப்பாளர் ஸ்டெஃபான் சாக்மைஸ்டர் ஏழாண்டுக்கு ஒருமுறை தம் நிறுவனத்தையே ஓராண்டு மூடிவந்தவர். லாரித் தொழிலில் அது நடக்காது, துரைமார் வழிதான் நமக்குத் தோது. ஐந்தாண்டு பணியாற்றிய ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16 நாள் விடுப்பு என்று 1955 ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. முதலாளிக்கு அப்படிக் கணக்குப் பார்ப்பார் யாருமில்லை.

சாப்பாட்டில் குறையில்லை, சமையற்கார அக்காவின் நெத்திலிச் சம்பலுக்காகவே ஒரு தோசை கூடுதலாக இறங்கும். சனிக்கிழமைதோறும் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் வந்து கைதட்டச் சொல்வதுதான் தாங்க முடியாதது. சத்தத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்கு எதற்கு ஒலிபெருக்கி? ஒரு வாரத் திட்டமும் விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். அலுவலகத்தார் நம்மைத் தேடுவதை விடுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். ஒரே நிறுவனத்தின் கூட்டாளிகள் இருவர் சேர்ந்து வந்தால் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், ஆகவே யார் முதலில் என்பதை முன்பே பேசிக்கொண்டு பதியுங்கள்.