மறையூர் புல்தைலக் கடை: போனால் பின்பக்கக் கொட்டகையையும் பாருங்கள்

உடுமலையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட் தாண்டிக் கேரளத்து மறையூருக்கு வருகிறவர்கள் அந்த ஊர்ச் சர்க்கரையை (வெல்லம்தான்) வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், ஆனால் ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே தைலப்புல் (எலுமிச்சைப் புல்) காய்ச்சும் கொட்டகையும் அதை ஒட்டி ஒரு சின்னக் கடையும் இருக்கிறது, கட்டாயம் நிறுத்துங்கள். பெயர்ப்பலகை கிடையாது, வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

தைலம் அருமை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், கறையே இல்லாமல் காய்ந்துவிட்டது; தேங்காய் எண்ணெய் மாதிரி ஏதாவது கலந்திருந்தால் திட்டு நின்றிருக்கும். கேரளத்திலேயே இருக்கிற ஓடக்காலி வாசனைப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான சுகந்தி ரகப் புல்தான் போட்டிருக்கிறார்களாம்.

ஆனால் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் தைலம் இல்லை, மிச்சம். நூறு கிலோ பச்சைப் புல்லை ஆவியில் வேகவைத்தால் அரைக் கிலோ தைலம் தேறுவதே பெரிது, மீதி அத்தனையும் சக்கை, அதை ஓடைக்கரையில் கொட்டி அழுகவிடுகிற இடங்களும் உண்டு. இங்கே வெந்த புல்லை வெயிலில் உலர்த்தி அடுத்த அடுப்புக்கு அதையே எரிக்கிறார்கள் (சர்க்கரை காய்ச்சும் ஆலைகளில் கரும்புச் சக்கையை எரிப்பார்களே, அதே வழி). விறகு தேடிக் காட்டுக்குள் போகிற வேலை குறைகிறது, சந்தன மரம் நிற்கிற காட்டுக்குப் பக்கத்தில் இது சின்ன விஷயமே இல்லை. எரித்தது போக மிஞ்சியது தோட்டத்துக்கு மூடாக்கு, சாம்பல் உரக்குழிக்கு. அப்புறம் தைலத்தைப் பிரித்தபின் நிற்கும் வாசனைத் தண்ணீரையும் கேனில் பிடித்து, தரை துடைக்க என்று குறைந்த விலைக்குத் தருகிறார்கள். "புல்லுக்குப் போட்ட காசு தைலத்துல வந்துரும் தம்பி, மிச்சத்துலதான் லாபம்" என்றார் கடை நடத்துகிற அக்கா.

குறை இரண்டு. இவ்வளவு நல்ல தைலத்தை வெள்ளைப் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தருவது சரியில்லை, வெளிச்சமும் காற்றும் பட்டால் வாசனைக்கு ஆதாரமான சிட்ரால் குறைந்துகொண்டே போகும், அதனால் பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும், நீங்கள் போகும்போது ஒன்று கையோடு கொண்டுபோங்கள். வாசனைத் தண்ணீர் கேனில் தேதி இல்லை, அது நாள்பட்டால் கெட்டுவிடும், எப்போது பிடித்தது என்று கேட்டு வாங்குங்கள். அக்காவிடம் இரண்டையும் சொன்னேன், மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தைலத்தை நேராகத் தோலில் தடவாதீர்கள், எரியும். தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து தேய்த்தால் போதும்.