பழைய கார் வாஷ் மெஷின்: பிரஷ்ஷா, டச்லெஸ்ஸா?

செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார் வாஷ் மெஷின் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும்: நிற்கும் காரின் மேல் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்ந்து பிரஷ் சுழலும் ரோல்ஓவர், தண்ணீர் அழுத்தத்தை மட்டும் நம்பும் டச்லெஸ்.

பிரஷ் மெஷினில் தேய்மானம் வெளியே தெரியும். இழைகளின் நுனி பிளந்திருக்கிறதா, தண்டவாளத்தில் சக்கரம் குலுங்குகிறதா, சட்டத்தின் அடிப்பகுதியில் துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். இழைகளை மாற்றிக்கொள்ளலாம், அரித்துப்போன சட்டத்தை என்ன செய்வது? அப்புறம், மண் அப்பிய வண்டியை முதலில் தண்ணீர் அடிக்காமல் உள்ளே விட்டால் பெயின்ட்டில் கீறல் விழும், வாசலிலேயே சண்டை.

டச்லெஸ்ஸில் அந்த பயம் இல்லை. ஆனால் தேய்க்காமல் அழுக்கு போக வேண்டுமே! வீரியமான ஷாம்பு, கூடுதல் தண்ணீர், பெரிய மோட்டார். பழைய மெஷினுக்கு உயிரே ஹை பிரஷர் பம்பில்தான். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் முள் துடிக்கிறதா, சீலில் கசிகிறதா என்று பாருங்கள். பம்ப் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. உப்புத் தண்ணீர் போர் என்றால் நாசில் அடைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் செலவு தனி.

கன்ட்ரோல் போர்டு இரண்டிலும் தலைவலிதான். அதன் பாஸ்வேர்டும் வயரிங் வரைபடமும் தராதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

என் ஓட்டு பிரஷ்ஷுக்கு. விலை உயர்ந்த கறுப்பு கார்களே அதிகம் வரும் இடமென்றால் மட்டும் டச்லெஸ் பக்கம் போகலாம்.