சுவரா, ஃபிளெக்ஸா, காலண்டரா: ஒரு செக்கு எண்ணெய்க் கடையின் விளம்பரக் கணக்கு

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலைப் பக்கம் என் மனைவியின் தம்பி ஒரு செக்கு எண்ணெய்க் கடை தொடங்கினார். கடலை எண்ணெய்தான் முதன்மைச் சரக்கு; நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் உடன் உண்டு. விளம்பரத்துக்கென்று முப்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தார். பல ஆண்டுகள் அச்சகங்களுக்கு வடிவமைப்பு செய்து கொடுத்தவன் என்பதால், "அத்தான், இதை எதில் போட்டால் நாலு பேர் கடைக்கு வருவார்கள்?" என்று என்னிடம் கேட்டார். அவர் முன்னால் இருந்த வழிகள் மூன்று: சுவரில் எழுதுவது, ஃபிளெக்ஸ் வைப்பது, ஆண்டு இறுதியில் வாடிக்கையாளர்களுக்குத் தினசரி காலண்டர் கொடுப்பது. நான்காவதாகச் சமூக ஊடகத்தில் சின்னச் சின்ன வீடியோக்கள் போடுவதும் பேச்சில் வந்தது. ஆனால் நான்கு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் விற்கும் எண்ணெயை ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டி அவருக்கு ஆகப்போவது அதிகமில்லை என்பதால், அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்தோம்.

படைப்பாற்றல் என்றவுடன் எல்லோருக்கும் படமும் வாசகமும்தான் நினைவுக்கு வருகின்றன. 1893-இல் பம்பாயில் தொடங்கிப் பின்னர் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன், தன் வலிமருந்தை இசைக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பெயர் பரப்பியது. அங்கே கற்பனை மருந்தின் படத்தில் இல்லை. எந்த இடத்தில், யார் கையில் அதைக் கொடுப்பது என்ற தேர்வில் இருந்தது. ஆகவே இந்த மூன்று வழிகளையும், எது அழகாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், யார் யோசிக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் பார்க்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளையும் வைத்து எடைபோட வேண்டியிருக்கிறது.

திறப்பு விழா வைகாசியில் என்று முடிவானதால் முதலில் ஃபிளெக்ஸ்தான் வந்தது. அதன் பெரிய பலம் வேகம். காலையில் சொன்னால் மாலையில் கையில் இருக்கும். பத்தடிக்கு எட்டடி, சதுர அடிக்கு 15 ரூபாய் வீதம் 1,200 ரூபாய்; சட்டமும் கட்டுக்கூலியும் 1,800; ஆக மூவாயிரத்தில் வேலை முடிந்தது. பாலியெஸ்டர் இழைத்துணியின் மேல் பிவிசி பூசிய விரிப்பில் புகைப்படத்தை அப்படியே அச்சிட முடிகிறது என்பதையும், தூரத்திலிருந்து பார்த்தாலும் ஆள் யார் என்று தெரிகிறது என்பதையும் குறைத்துச் சொல்ல முடியாது. நாளும் நேரமும் உள்ள செய்திக்கு, அதாவது திறப்பு விழா, தள்ளுபடி, கோயில் கொடை போன்றவற்றுக்கு, இதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை.

ஆனால் யோசிக்கும் வேலை இங்கே யாருக்கும் இல்லை. ஃபிளெக்ஸ் கடைப் பையன் கணினியில் 'ஆயில்' என்ற ஃபோல்டரைத் திறந்து, ஏற்கெனவே யாரோ செய்து வைத்திருந்த மாதிரியைக் கொண்டுவந்து, பெயரை மாற்றி, மைத்துனரின் படத்தை ஓரத்தில் வெட்டி ஒட்டினான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பொன்னிறத்தில் எண்ணெய் ஊற்றும் அந்தப் படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. விழா முடிந்த மறுநாள் நிதானமாக நின்று பார்த்தபோதுதான், குடுவையின் பக்கத்தில் இருந்த இலையும் காயும் ஒலிவ மரத்தினுடையவை என்பது தெரிந்தது. கரிசல் காட்டுக் கடலை எண்ணெய்க்கு ஒலிவ இலை! ஊரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு உறைத்தது தவறுகூட அல்ல, அதை ஒருவரும் கவனிக்காமல் போனதுதான். எந்தக் கடைக்கும் பொருந்தும் படத்தைக் கண் ஒரு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை.

இன்னொன்று, வெயில். கோவில்பட்டி வெயிலில் ஆறு மாதம் தாங்கிய ஃபிளெக்ஸைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மஞ்சளும் சிவப்பும் முதலில் ஓடிப்போக, நீலம் மட்டும் மிஞ்சும். சிரித்துக்கொண்டிருக்கும் முதலாளி, நஞ்சு குடித்தவர்போல நீலம் பாரித்து நிற்பார். சட்டப் பக்கமும் சும்மா விடக்கூடியதல்ல. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலை நடுத்திட்டில் அனுமதியின்றி வைத்திருந்த பேனர் ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் மேல் சரிந்து விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி அவர் உயிரிழந்தார். அதன் பிறகு அரசியல் கட்சிகளே பேனர் வைக்கவேண்டாம் என்று தொண்டர்களைக் கேட்டுக்கொண்டன. உயர் நீதிமன்றம் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடியது. கடைக்காரர் தன் கடை முகப்பைத் தாண்டிச் சாலையோரத்தில் ஒன்றை நட நினைத்தால், அனுமதிக்கு அலைய வேண்டும், இல்லையேல் அபராதத்துக்கும் அதைவிடப் பெரிய பழிக்கும் தயாராக இருக்க வேண்டும்.

சுவர் எழுத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஃபிளெக்ஸ் 2000-களின் தொடக்கத்தில் பரவுவதற்கு முன், சினிமா பேனர் என்றால் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் எண்ணெய் வண்ணத்தில் எழுதியதுதான். சிறிய புகைப்படத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அதே கட்டங்களைப் பெரிதாகத் துணியில் இட்டு, முகத்தைக் கட்டம் கட்டமாக வளர்த்தெடுப்பார்கள். கன்னத்தில் பச்சையும் ஊதாவும் துணிந்து போட்ட அந்த முகங்கள் புகைப்படத்தின் நகல்கள் அல்ல. இரவில் விளக்கொளியில் தெருவின் மறுகோடியிலிருந்து பார்க்கப்படுவதற்கென்றே கணக்கிட்டு எழுதப்பட்டவை. அந்தத் தொழில் சில ஆண்டுகளுக்குள் சரிந்தது. 2008 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து சென்னை மாநகராட்சி அனுமதியற்ற விளம்பரப் பலகைகளை அகற்றியது. அடுத்து அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளைத் தடுத்து, அந்த இடத்தில் தமிழகப் பண்பாட்டுக் காட்சிகளை வரையச் செய்தபோது, பேனர் எழுதிப் பிழைத்த ஓவியர்களுக்குச் சிறிது காலம் வேலை கிடைத்தது. விளம்பரத்தை நீக்கிய சுவரை விளம்பர ஓவியரின் கையே நிரப்பியது என்பதை நான் ஒரு வேடிக்கையாக அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

எங்கள் கடைக்கு எழுத வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓவியர். சுவர் ஒரு லேத் பட்டறையுடையது, இருபதடி நீளம், எட்டடி உயரம். வாடகையாகப் பட்டறைக்காரர் கேட்டது தீபாவளிக்கு இரண்டு டின் கடலை எண்ணெய் மட்டும். சுவர் தனியாருடையது என்றாலும் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிரான 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நம் மாநிலத்தில் உண்டு. பெயிண்ட்டும் கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 30 ரூபாய், மொத்தம் 4,800.

முதல் நாள் பழைய கட்சி எழுத்துகளைச் சுரண்டி, இரண்டு கை வெள்ளை அடித்தார். மறுநாள் காலை, நீலப்பொடி தடவிய நூலை இருபதடிக்கு இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினார். சுவரில் நேர்கோடு விழுந்தது. அதன் பிறகு சாக்கட்டியால் 'கடலை எண்ணெய்' என்று மேலோட்டமாகக் கோடிழுத்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்புற டீக்கடைக்குப் போய் அங்கிருந்து சுவரைப் பார்த்தார். ஒரு டீ குடிக்கும் நேரம் பார்த்தார். திரும்பி வந்து 'லை'யை அழித்துவிட்டு, யானைத் தும்பிக்கை வைத்த பழைய 'லை'யை எழுதினார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது கைவிடப்பட்ட வடிவம் அது. தும்பிக்கையின் நுனியைக் கொஞ்சம் நீட்டி, கீழே ஒரு பித்தளைச் சட்டியை வரைந்து, அதில் எண்ணெய்த் தாரை விழுவதுபோல் முடித்தார்.

மைத்துனர் தயங்கினார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிழையாக எழுதியிருக்கிறது என்று சொல்ல மாட்டார்களா?" என்று கேட்டார். "சொல்லட்டும் தம்பி, நின்று பார்த்தால்தானே சொல்லுவார்கள்" என்றார் ஓவியர். இரண்டே வாரத்தில் அவர் சொன்னதுதான் நடந்தது. கடைக்கு வழி கேட்பவர்களிடம் டீக்கடைக்காரர், "அந்தத் தும்பிக்கை போட்ட சுவருக்கு அடுத்த திருப்பம்" என்று சொல்லத் தொடங்கினார். எழுத்தே படமாகிவிடும் இந்தக் காரியம் ஆயத்த எழுத்துருவில் தட்டச்சு செய்வதால் வராது. அந்தச் சுவருக்கும் அந்தச் சொல்லுக்கும் மட்டுமே பொருந்திய கற்பனை அது.

குறைகளும் இல்லாமல் இல்லை. மூன்று நாள் வேலை. இடையில் ஒரு மழை வந்தால் ஐந்து நாள். புகைப்படத் துல்லியம் கிடையாது. தேர்தல் நெருங்கினால் சுவருக்கு ஏலம் நடக்கும், சொல்லாமல் கொள்ளாமல் மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போவதும் உண்டு. எல்லாவற்றையும்விட, நல்ல கை கிடைப்பது அரிதாகிவிட்டது. எழுதத் தெரிந்தவர்களில் பலர் வீட்டுக்கு வண்ணமடிக்கப் போய்விட்டார்கள். கிடைத்தால் மட்டும், மூன்று ஆண்டுகள் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு நாலரை ரூபாய்கூட ஆகாது.

மூன்றாவது வழியான காலண்டருக்கு கோவில்பட்டியில் இருந்துகொண்டு வேறு ஊரைத் தேட வேண்டியதில்லை. சிவகாசி கூப்பிடு தூரம். ஆடிப்பெருக்கு அன்று அங்கே அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பங்கள் வெளியாகும். முகவர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவார்கள். அதில் இருக்கும் சாமி படங்களின் வேரும் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி. கொண்டைய ராஜுவும் (1898–1976), டி.எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் போன்ற அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள்தாம் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தென்னிந்திய வீடுகளின் பூஜையறைக்குள் நுழைந்தன. நாடக மேடையின் தூண்களும் திரைகளும் பின்னணியில் நிற்க, தெய்வம் நேராகப் பார்ப்பவர் கண்ணைப் பார்க்கும் அந்த அமைப்பு, விளம்பரக் கண்ணோடு பார்த்தாலும் அபாரமானது. கீழே துணிக்கடையின் பெயர் இருக்கிறதா, உரக்கடையின் பெயர் இருக்கிறதா என்பதைப் பொருட்படுத்தாமல் மக்கள் அதற்குச் சந்தனம் வைத்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கற்பனை முழுக்க ஓவியருடையது. கடைக்காரர் செய்வது ஆல்பத்தைப் புரட்டி ஒன்றைத் தொட்டுக் காட்டுவது மட்டும். அந்த வகையில் இதுவும் ஃபிளெக்ஸ் கடையின் 'ஆயில்' ஃபோல்டர்தான். ஒரே தெருவில் நகைக்கடையும் மளிகைக்கடையும் ஒரே முருகனைத் தேர்ந்தெடுத்து, இரண்டும் ஒரே வீட்டுக்குப் போய்ச்சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டு அம்மா எதை மாட்டினார் தெரியுமா? தேதித்தாளில் எழுத்து பெரிதாக இருந்ததை. மற்றது பரணுக்குப் போனது.

அந்த அம்மாவின் தேர்வில்தான் பாடம் இருந்தது. தினசரி காலண்டரில் மக்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது மேலே உள்ள படத்தை அல்ல, கீழே உள்ள தாளை: நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம். ஆகவே படத்துக்கு அலையாமல், பெரிய எழுத்துத் தாளாக எடுக்கச் சொன்னேன். அதோடு அட்டையின் அடிப்பட்டையில் கடைப்பெயரையும் கைப்பேசி எண்ணையும் மட்டும் போடும் வழக்கத்தை விட்டு, ஒருபுறம் 'எண்ணெய் வாங்கிய நாள்' என்று தலைப்பிட்டுப் பன்னிரண்டு சிறு கட்டங்கள் விடச் சொன்னேன். மாதம் ஒரு முறை பேனாவால் எழுதிக்கொள்ளலாம். முகவர் இதுவரை இப்படி யாரும் கேட்டதில்லை என்றார். அச்சடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

முந்நூறு காலண்டர், ஒன்று 45 ரூபாய், மொத்தம் 13,500. மூன்றிலும் இதுதான் செலவு அதிகம். ஆனால் முந்நூறும் மாட்டப்பட்டால், ஆண்டு முழுவதும் தாள் கிழிக்கப்படுவது 1,09,500 தடவை. ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு 12 காசு. பாதி வீட்டில்தான் மாட்டினார்கள் என்றாலும் 25 காசைத் தாண்டாது. பார்ப்பவர் யார் என்பதும் இங்கே தெளிவு: ஏற்கெனவே வாங்குகிறவர், அடுத்த மாதமும் வாங்கக்கூடியவர். சாலையில் போகும் புதியவரை இது கடைக்குக் கொண்டுவராது. கடையைத் தொடங்கிய முதல் மாதத்தில், கொடுப்பதற்கு வாடிக்கையாளரே இல்லாத நிலையில், காலண்டர் வீண்செலவு.

எனவே எண்ணெய்க் கடைக்கு நான் சொன்ன வரிசை இதுதான். நல்ல கை கிடைத்தால் சுவருக்கே முதலிடம். கை கிடைக்காவிட்டால் அரைகுறை எழுத்துக்குப் பணம் கொடுக்காமல், தகரப் பலகையில் பெயரை மட்டும் தெளிவாக எழுதி வைத்தால் போதும். காலண்டர் இரண்டாவது, ஆனால் முந்நூறு வீடுகளின் பெயர் கணக்கு நோட்டில் ஏறிய பிறகு. ஃபிளெக்ஸ் திறப்பு விழாவுக்கு ஒரு முறை, அதுவும் கடை முகப்பில் மட்டும். தேதி இல்லாத எந்தச் செய்திக்கும் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. செக்கையே வைத்து நடத்தும் கடையின் ஒரே முகமாகப் பிறர் ஊர்ப் படம் தொங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மிச்சம் 8,700 ரூபாய். அதில் நூறு மில்லி புட்டிகள் வாங்கி, எண்ணெய் நிரப்பி, பேருந்து நிலையப் பக்கத்து வடைக் கடைகளிலும் தோசைக் கடைகளிலும் கொடுத்துப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். திறப்பு விழா ஃபிளெக்ஸ் இப்போது கடையின் பின்முற்றத்தில் இருக்கிறது. செக்குக்குப் போகும் முன் கொப்பரையை வெயிலில் காயப்போட அதைவிட நல்ல விரிப்பு கிடைக்கவில்லையாம். மைத்துனரின் படமும் ஒலிவ இலையும் தரையைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மேலே இருக்குமாறு விரித்திருக்கிறார்கள்.