பூனைக்கு டாரின்: தயிர்சாதமா, கோழியா, மீனா, பாக்கெட்டா?

சென்னையில் பூனை வளர்க்கிற வீடுகளில் சாப்பாடு பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றுதான். எது மேல் என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது டாரின் (இறைச்சி, மீனில் கிடைக்கும் ஒரு அமினோ அமிலச் சத்து) இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலான நாய்களின் உடம்பு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது, ஆனால் பித்தநீருக்காக அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து இதயம் பெருத்துவிடும். டாரின் கொடுத்தால் அந்த இதயம் தேறும் என்று 1987-இல் வந்த ஆய்வு காட்டியது. போன பார்வை மட்டும் திரும்பாது.

தயிர்சாதத்தில் டாரின் இல்லை என்றே சொல்லலாம். செடி கொடிகளில் கிடையாது, பாலிலும் சொற்பம். எலி, பல்லி பிடிக்கும் தெருப் பூனை சமாளித்துக்கொள்ளும். நாலாவது மாடி ஃபிளாட்டில் அடைந்து கிடக்கும் பூனை என்ன செய்யும்?

கோழி நல்லதுதான், ஆனால் எந்தத் துண்டு? எலும்பில்லாத நெஞ்சுக்கறியைத்தான் பலரும் கேட்டு வாங்குகிறார்கள். கால் கறியில் டாரின் அதைவிடப் பல மடங்கு அதிகம், இதயத்திலும் நிறைய உண்டு. கோழிக்கடையில் ஈரலோடு கிடக்கும் இதயத்தைத் தனியாகப் பொறுக்கித் தரச் சொல்லுங்கள். ஈரலை மட்டும் தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். இன்னொன்று: டாரின் தண்ணீரில் கரையும். வேகவைத்த தண்ணீரை சிங்க்கில் கொட்டினால் பாதிப் பயன் அதோடு போச்சு. உப்பு, வெங்காயம் இல்லாமல் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, அந்தச் சாற்றையும் சேர்த்தே ஊற்றுங்கள்.

காசிமேட்டு காரப்பொடியும் மத்தியும் விலைக்கு நல்ல தேர்வு, ஆனால் வேகவைத்துத்தான். சில மீன்களைப் பச்சையாகவே போட்டு வந்தால் வைட்டமின் பி1 அழிந்துவிடும். குழம்பு மீன் வேண்டவே வேண்டாம், வெங்காயம் பூனைக்கு விஷம்.

அன்றாடத்துக்கு என் ஓட்டு, 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட பூனை பாக்கெட்டுக்குத்தான். எலும்பில்லாத கறியில் போதாத கால்சியமும் அதில் கணக்காக இருக்கும். அமெரிக்க அளவுகோல்படி உலர் உணவில் குறைந்தது 0.1 சதவீதம், டின் உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் 0.2 சதவீதம் டாரின் வேண்டும். அதன் மேல் கால் கறியோ இதயமோ கொஞ்சம். நாய் பாக்கெட்டைப் பூனைக்குப் பகிர்ந்து போடாதீர்கள், அதில் டாரின் சேர்த்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை.

நாயில் காக்கர் ஸ்பேனியல், கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம், இந்த இனங்களில் சிலவற்றுக்கு டாரின் குறைவதுண்டு. வெளிச்சத்திலும் பூனையின் கண்மணி விரிந்தே இருந்தால், சும்மா படுத்திருக்கும்போதே வேகமாக மூச்சு வாங்கினால், டாரின் பவுடர் தேடி அலையாமல் அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ பக்கத்து டாக்டரிடமோ கொண்டுபோங்கள்.